ஸ்கேன் அறையில் கேட்கும் ‘புஸ்… புஸ்…’

எழும்பூர் பக்கம் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டர். வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவுவார்கள் (இடையில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்). சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் ‘புஸ்… புஸ்…’. “குழந்தைக்கு ரத்தம் நல்லா ஓடுதும்மா” என்பார் டாக்டர். ஓடுவது நிஜம். ஆனால் அந்தச் சத்தம் வயிற்றுக்குள் எங்கும் கிடையாது.

கோடம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காமல் பாயும் எக்ஸ்பிரஸைக் கவனித்திருப்பீர்கள். நெருங்கும்போது ஹாரன் கீச்சென்று ஏறும், தாண்டியதும் சுருதி இறங்கிவிடும். டாப்ளர் விளைவு. ரத்த அணுக்களும் ஓடும் ரயில்கள்தான். புரோப் (வயிற்றில் வைத்து நகர்த்தும் கைக்கருவி) அனுப்பும் ஒலி விநாடிக்கு சுமார் 30 லட்சம் அதிர்வு. நம் காதோ 20 ஆயிரத்தோடு சரி. விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் ரத்தத்தில், 60 டிகிரி சாய்வில் பட்டுத் திரும்பும்போது அதில் ஏறக்குறைய ஆயிரம் அதிர்வு கூடும் அல்லது குறையும். அந்த வித்தியாசத்தை மட்டும் கருவி பிரித்தெடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நல்லவேளையாக அது காதுக்கு எட்டும் அளவு. ஓட்டத்துக்குச் செங்குத்தாகப் புரோப்பைப் பிடித்தால் வித்தியாசமே வராது. அதனால்தான் அவ்வளவு சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். ஒலி போகும் வழியில் ரத்தக்குழாய்கள் பல. கல்யாணப் பந்தியில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்பது எப்படி?

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்து இயற்பியலாளர் பீட்டர் வெல்ஸ் (1936–2017) கடிகாரத்தைத் துணைக்கு அழைத்தார். உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,540 மீட்டர். 5 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 65 மைக்ரோவிநாடி. ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பி, சரியாக அந்த நொடித்துளியில் மட்டும் கதவைத் திறந்தால், அந்த ஆழத்து ரத்தம் மட்டும் பேசும். 1969இல் அவர் இதை வெளியிட்டார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் வேறு சிலர் ஏறத்தாழ அதே காலத்தில் இதே யோசனைக்கு வந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அதே ஆண்டில் மருத்துவ அல்ட்ராசவுண்டின் இயற்பியலுக்கு அவர் ஒரு பாடநூலும் எழுதியதுதான் பெரிய காரியம். கருவி வைத்திருந்தவர்களுக்கு அது வேலை செய்யும் விதம் பிடிபட வேண்டுமே!

காத்திருப்பதற்கு விலையும் உண்டு. 15 செ.மீ. ஆழத்து எதிரொலி திரும்ப 195 மைக்ரோவிநாடி ஆகும்; அதுவரை அடுத்த துண்டை அனுப்ப முடியாது. ஆக விநாடிக்கு 5,000 துண்டுதான். அதில் பாதி, 2,500 அதிர்வு வித்தியாசத்தைத் தாண்டி ரத்தம் விரைந்தால் கருவி குழம்பி, முன்னோக்கிப் பாய்வதைப் பின்னோக்கிப் பாய்வதாகக் காட்டும், சினிமாவில் வண்டிச் சக்கரம் தலைகீழாகச் சுற்றுவதுபோல.