கையில் காசு, பதிவில் பெயரில்லை

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் ஏழு வருடம் வேலை செய்த அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். இனி வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"தேயிலைத் தோட்டத்தில் பெயர் இருந்ததே, ஏன் விட்டீர்கள்?"

"அங்க கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் மிஸ். இங்க பொழுது சாஞ்சதும் காசு கையில."

அரைப்பேர் என்றால், நாள் முழுக்க மலையேறியும் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறையாததால் பாதிச் சம்பளம். தொழில் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணியான எனக்கு இது பழகிய பதில். பதிவு வேலையை விட்டு, அன்றன்று கையில் காசு வாங்கும் பதிவில்லாத வேலைக்குப் போவதைக் கூட்டங்களில் 'அறியாமை' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று ஆனது சரி. ஆனால் கிலோ நிறையாத நாளில் அந்தக் கணக்கு கைக்கு வராது. வந்தாலும் மாதச் சம்பளம் வரைக்கும் கடைக்காரர் பொறுக்க வேண்டுமே. தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) போய்விடும் என்ற பயத்தில் வீட்டில் ஒருவர் பெயரை மட்டும் தோட்டத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் வெளியே போகிறார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருக்கும் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் பதிவில்லாமலே நிற்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களும் அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள்.

முதலாளிமார் சொல்லும் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: "கைக்காசு ஆளுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது." 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்காலிக வேலை, துண்டுவேலை எல்லாம் அடங்கும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் முதலாளியின் பொறுப்பே. வீட்டு வேலைக்காரர்கள்தான் இந்தச் சேமலாப நிதிக்கு வெளியே நிற்கிறார்கள். கொழும்பு பங்களாக்களுக்குப் போகும் நம் பெண்களை நினைத்தால் கோபம் வரும்.

வேலை முடியும்போது சேவைக்காலத்துக்குக் கிடைக்கும் பணிக்கொடை வேறு கதை. பணிக்கொடைச் சட்டப்படி அதற்கு ஐந்து வருட சேவையும், வேலைத்தலத்தில் குறைந்தது 15 தொழிலாளர்களும் வேண்டும். அந்த மரக்கறித் தோட்டத்தில் ஒன்பது பேர்தான். அந்தச் சட்டத்தின் வழி மூடியது. ஈபிஎஃப் வழி திறந்தே இருந்தது, ஆனால் வேலை செய்ததை எதை வைத்துக் காட்டுவது?

அக்கா சற்று யோசித்துவிட்டு, வேலைக்குப் போன நாளையெல்லாம் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன் என்றார். ஏழு கலண்டரில் நான்கு கிடைத்தன. மற்ற மூன்றும் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறையாகிவிட்டன. அந்த நான்கையும், கூட வேலை செய்த இருவரையும் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனோம்.