நார்த்தூள் தொட்டிக்கு வெறும் தண்ணீர் எப்போது?

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆச்சி, மாடியில் பதினைந்து பைகளில் கீரையும் தக்காளியும் வளர்க்கிறார். எல்லாம் தேங்காய் நார்த்தூள், மண்ணே கிடையாது. போன வாரம் கேட்டார்: "தம்பி, பறிக்கிறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே உரத்தை நிறுத்திட்டு வெறும் தண்ணியா ஊத்தணுமாமே? அப்பத்தான் காய்க்குள்ள இருக்கிற உரமெல்லாம் இறங்குமாம்."

கீரைக்கு இதில் பாதி உண்மை. தக்காளிக்கு உண்மை இல்லை. ஏன் என்று புரிய, முதலில் அந்தத் தூளைப் பார்க்க வேண்டும்.

ஊறிய நார்த்தூளை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டும். கையைத் தளர்த்தினால் மறுபடி உப்பும். தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டும், வேர் மூச்சுவிட இடம் வைத்திருக்கும். ஆனால் செடிக்கான சாப்பாடு என்று அதில் அதிகம் இல்லை. பொட்டாசியம் இருக்கும், கூடவே சோடியமும் குளோரைடும். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் சோடியம் இன்னும் கூடும்.

தூளின் பரப்பு முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள். நேர்மின்னூட்டம் உள்ள சத்துகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். புதுத் தூளில் அந்த இடங்களைப் பொட்டாசியமும் சோடியமும் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மின்னூட்டம் ஒன்றுதான், கால்சியத்துக்கு இரண்டு. கால்சியம் வந்தால் அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஆக, செடிக்கென்று நாம் ஊற்றுகிற கால்சியத்தைத் தூள் முதலில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் புது நார்த்தூள் கட்டியை ஊறவைத்து, கடுங்காப்பி நிறத்தில் வடிகிற தண்ணீர் வெளிறும்வரை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி போட்டு, மறுபடி அலசச் சொல்கிறார்கள். நான் முதல் வருடம் இதைச் செய்யவில்லை. தக்காளிப் பிஞ்சுகளின் அடிப்பக்கம் தோல் மாதிரி கறுத்து அமுங்கிப் போனது. நோய் என்று நினைத்து மருந்து தேடினேன். அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வரும் நுனி அழுகல்.

செடி தழைச்சத்தை எடுக்கும் வடிவமான நைட்ரேட்டின் கதை வேறு. அதற்கு எதிர்மின்னூட்டம் என்பதால் தூள் அதைப் பிடித்துவைக்காது; ஊற்றிய தண்ணீரோடு போய்விடும். கீரையின் சங்கதி இதில்தான் இருக்கிறது.

அதற்கு முன் தினசரித் தண்ணீர். சித்திரை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும்போது செடி தண்ணீரை வேகமாக இழுக்கும், உப்பை அந்த வேகத்தில் எடுக்காது. தூளில் இருந்த தண்ணீரில் பாதி போய் உப்பு அப்படியே நின்றால், மிச்சத் தண்ணீரில் உப்பின் அடர்த்தி இரட்டிப்பாகிவிடும். அப்புறம் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை ஓரம் கருகும். ஆச்சியின் பை ஒன்றில் 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 600 பங்கு உப்பு) உரக் கரைசலை ஊற்றி, அடியில் வடிந்ததை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தோம்: 1,400. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். மீட்டர் அந்தக் கடத்துதிறனை அளந்துதான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் எங்களுடையது. அந்த மின்வேதியியலின் மிக எளிய கருவிகளில் இந்தப் பேனா அளவு மீட்டரும் ஒன்று.

இதற்கு வழி, ஒவ்வொரு முறையும் ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை அடியில் வடியும்படி ஊற்றுவது. பையை ஒரேயடியாகக் காயவும் விடக்கூடாது. காய்ந்தால் தூள் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுவில் வேர் தாகத்தோடு நிற்கும். அலசுவதற்கு முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது, அதில் உப்பே அநேகமாக இல்லை.

இப்போது கீரை. கிடைக்கிற நைட்ரேட்டை உடனே பயன்படுத்தாவிட்டால் இலையும் தண்டும் அதைச் சேமித்துவைக்கும். அறுவடைக்கு மூன்று நான்கு நாள் முன்பு வெறும் தண்ணீருக்கு மாறினால், தூளில் இருக்கும் நைட்ரேட் சீக்கிரம் கழுவிப் போகும். செடி தன் கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கும். அதைப் புரதமாக்கும் வேலையைத் தொடங்கும் நொதிக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் விடியற்காலையில் பறிப்பதைவிட, பகல் முழுக்க வெயில் பட்ட பின் சாயங்காலம் பறிக்கும் கீரையில் நைட்ரேட் குறைவாக இருக்கும். பத்து நாள் பட்டினி போட்டால் அடி இலைகள் மஞ்சளாகும். செடி அங்கிருக்கும் தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். மண்புழு உரம் கலந்த பையில் மாற்றம் மெதுவாகத்தான் வரும், அது மட்கிக்கொண்டே நைட்ரேட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

தக்காளியில் அறுவடைக்கு முன் என்று ஒரு காலமே இல்லை. ஒரு கொத்து பழுக்கும்போது மேலே இன்னொன்று பிஞ்சு விடுகிறது; உரத்தை நிறுத்தினால் பட்டினி அந்தப் பிஞ்சுக்கு. பழத்துக்குள் போகும் தண்ணீரில் பெரும்பகுதி, இலையில் தயாரான சர்க்கரையைச் சுமந்து வரும் குழாய்கள் வழியே வருகிறது. தொட்டியை எத்தனை குடம் கொண்டு அலசினாலும் பழத்துக்குள் போன சத்து இறங்கி வராது. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. பழத்தின் புளிப்பு நன்றாக அமையவும் சீராகப் பழுக்கவும் பொட்டாசியம் வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் இனிப்பு கூடும், பழம் சிறுக்கும். காயப்போட்டு வைத்திருந்துவிட்டு ஒருநாள் நிறைய ஊற்றினால், பழம் உள்ளே உப்பித் தோல் வெடிக்கும்.

ஆச்சி தக்காளிப் பைகளுக்கு உரத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார். கீரைப் பைகள் மூன்றும் வெறும் தண்ணீரில் மூன்றாம் நாள். நாளைச் சாயங்காலம் பறிக்கிறார்.