புது வண்டியைப் பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டாம்

புது கார் எடுத்தவர்கள் பட்டறைக்கு வந்தால் பெருமையாக ஒன்று சொல்வார்கள்: "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டவே இல்லைங்க." அக்கறையில் சொல்வதுதான். வேகத்தை அடக்கியதில் தப்பில்லை. ஆனால் நாற்பதிலேயே, ஒரே சீராக, காலை அசைக்காமல் ஓட்டியது இன்ஜினுக்கு நல்லதல்ல.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். சிலிண்டரின் உட்சுவர் வழவழவென்று இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஹோனிங் என்ற வேலையில் அதன்மேல் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி மெல்லிய கீறல்கள் போடுவார்கள். புதிதாகக் கொத்திய அம்மியைப் போல. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சுவரோடு உரசி, நுண்ணிய மேடுகளைத் தேய்த்து, பொருந்தி உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரிபொருள் எரியும்போது உண்டாகும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. இன்ஜினுக்கு லோடு, அதாவது வண்டியை முக்கி இழுக்கிற வேலை இருந்தால்தான் அந்த அழுத்தம் வரும்.

ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிக்கொண்டே இருந்தால், ரிங் உட்காருவதற்குள் கீறல்களில் ஆயில் கருகிப் படிந்து சுவர் பளபளப்பாகிவிடும். அப்புறம் ரிங் ஒழுங்காக உட்காராது. ஆயில் மேலே ஏறி எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும். "வண்டி ஆயில் குடிக்குது" என்று அப்போதுதான் எங்களிடம் வருவார்கள். அந்த நிலைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்து, ரிங் மாற்ற வேண்டியிருக்கும். அம்பாசிடர் காலத்து இன்ஜின்களைவிட இப்போது வருபவை மிக நுணுக்கமாக முடிக்கப்பட்டவை, அதனால் ஆபத்து குறைவு. அதற்காக முதல் ஆயிரம் கிலோமீட்டரை அலட்சியம் செய்ய முடியாது.

நம் டெல்டாவில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே மேடு கிடையாது. மலைப்பக்கத்து வண்டிக்கு ஏற்றத்திலேயே லோடு கிடைத்துவிடும். நமக்கோ கல்லணை தாண்டினால் வேதாரண்யம் வரை சமதரைதான், ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம். லோடை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 வரை நிதானமாக, ஆனால் தயங்காமல் ஏற்றுங்கள். பிறகு காலை எடுத்து, கியரிலேயே வேகம் தானாக இறங்கட்டும். இறங்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துச் சுவரை நனைக்கும். இப்படிச் சில முறை செய்தால் போதும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்க வேண்டாம். பெட்ரோல் வண்டி என்றால் 3,500 ஆர்பிஎம்மை (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் பயணமாக எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கும்பகோணத்தைச் சுற்றிய நவகிரகக் கோயில்கள். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி என்று போனால் வழியெல்லாம் வளைவு, வேகத்தடை, வாய்க்கால் பாலம். கியர் மாறிக்கொண்டே இருக்கும், வேகம் ஏறி இறங்கும். தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் 80-ல் டாப் கியரைப் போட்டு அப்படியே போவதைவிட இது எவ்வளவோ மேல். கோயில் வாசலில் ஏசியைப் போட்டு வண்டியை ஓடவிட்டுக் காத்திருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது நாலாவது, ஐந்தாவது கியரில் இன்ஜின் திணறித் திணறி இழுக்க விடாதீர்கள். புது இன்ஜினுக்கு அது அதிவேகத்தைப் போலவே கெடுதல்.

எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம் தருவது, வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கி நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகள்தான். "தினமும் காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறேன் தம்பி" என்பார் அப்பா. நின்ற இடத்தில் ஓடினால் லோடே இல்லை, ரிங் உட்காராது. இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் எரியாத எரிபொருள் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டி என்றால், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும். தினமும் ஸ்டார்ட் செய்வதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது ஓட்டச் சொல்லி, மன்னார்குடியிலிருந்து திருவாரூர் வரை ஒரு நடை போய்வாருங்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோல்மீது ஏற்றவோ, அதன்மேல் நிறுத்தவோ வேண்டாம். அடியில் சிக்கும் வைக்கோல் சூடான சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கலாம். முதல் சில நாள் புதுக் குழாயிலிருந்து லேசாக ஒரு வாடை வருவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பிரேக்கும் டயரும்கூடப் பழக வேண்டியவைதான். முதல் 300 கிலோமீட்டருக்கு முன்வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டரைப் பொத்திப் பொத்தி ஓட்டி முடித்துவிட்டவர்கள் பதற வேண்டாம். இன்றைக்கு ஆயில் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியை எடுத்துப் பாருங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். அளவு தெளிவாக இறங்கிக்கொண்டே வந்தால், நீங்களாக ஊற்றிச் சமாளிக்காமல், வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் சொல்லி, ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் வேலையையும் குறிக்கும் சீட்டு) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.