தாவா போட்டாச்சு, சம்மன் போய்ச் சேர்ந்ததா?

தாவாவுக்கான (சிவில் வழக்குக்கான) பிராது, அதாவது வழக்கு மனு, கோப்புக்கு எடுக்கப்பட்டு நம்பர் விழுந்ததும், "எப்போ சார் தீர்ப்பு வரும்?" என்றுதான் வாதிகள் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியது வேறு. பிரதிவாதிக்குச் சம்மன் எந்த விலாசத்தில், யார் கையில், எந்தத் தேதிக்குள் சேரப்போகிறது? தாவா இழுத்தடிப்பதும், வாங்கிய டிகிரி (தீர்ப்பாணை) பின்னால் கலைந்துபோவதும் பெரும்பாலும் இந்த இடத்தில் செய்த அசட்டையால்தான்.

தாவா தாக்கலான நாளிலிருந்து 30 நாளுக்குள் வரும் ஒரு தேதியில் சம்மன் சார்வு ஆக (பிரதிவாதிக்கு முறையாகச் சேர) வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 27-ஆம் பிரிவின் கணக்கு. அதற்கு முன் வாதி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீதிமன்றம் சம்மனுக்கு உத்தரவிட்ட 7 நாளுக்குள் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி, எத்தனை பிரதிவாதிகளோ அத்தனை பிராது நகல்களைக் கொடுக்க வேண்டும். நான்கு பேர் என்றால் நான்கு நகல், கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தாலும் ஆளுக்கு ஒன்று. பேட்டா கட்டாததாலோ நகல் கொடுக்காததாலோ சம்மன் போகவில்லை என்றால், அதே சட்டத்தின் கட்டளை (Order) 9 விதி 2-இன்படி தாவாவையே தள்ளுபடி செய்யலாம். சில நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டு இந்த நிலைக்கு வருவது வேதனையானது.

அடுத்தது விலாசம். பத்து வருடத்துக்கு முந்தைய கிரயப் பத்திரத்தில் இருக்கும் விலாசத்தை அப்படியே பிராதில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் போடாவிட்டால் சம்மன் வேறு வீட்டுக்குப் போகும். கிராமத்தில் ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பார்கள். தகப்பனார் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி எல்லாம் வேண்டும். ஊரார் அழைக்கும் பெயர் வேறாக இருந்தால் 'என்கிற' போட்டு அதையும் சேர்க்க வேண்டும். தாவாவுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் இதற்கும் ஒரு பயன் உண்டு. ஒப்புகை அட்டை வந்தால் விலாசம் சரி. கவர் திரும்பினால் தபால்காரர் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். 'வாங்க மறுத்தார்' என்பதும் 'இந்த விலாசத்தில் இல்லை' என்பதும் ஒன்றல்ல. முதலாவதுக்கு அதே விலாசம் போதும். இரண்டாவதுக்குப் புது விலாசம் தேட வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் சம்மனிலும் இதே வேறுபாடுதான். மறுத்ததாகத் தபால் குறிப்பு வந்தால் சார்வு ஆனதாகவே நீதிமன்றம் அறிவிக்கும்.

அமீனா (சம்மன் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியர்) நேரில் போகும்போது வீட்டை அடையாளம் காட்ட வாதி தரப்பில் ஒருவர் கூடப் போவது நல்லது. பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் வரவும் வாய்ப்பில்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள முகவரும் இல்லை என்றால் அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். ஆணா பெண்ணா என்பது பொருட்டல்ல. வீட்டு வேலையாளிடமோ பள்ளிப் பிள்ளையிடமோ கொடுத்தால் அது செல்லாது. மறுத்தாலோ, தேடியும் ஆள் கிடைக்காவிட்டாலோ வாசல் கதவில் ஒட்டலாம். ஆனால் 'வீடு பூட்டியிருந்தது, ஒட்டினேன்' என்ற ஒற்றை வரி அறிக்கை பிற்பாடு நிற்காது. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், அவர் விலாசம் என்ன, யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். எத்தனை தடவை, எந்த நேரத்தில் போனார் என்பதும் இருந்தால் பலம். அறிக்கை வந்த அன்றே அதை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

சம்மன் சார்வாகாமல் திரும்பினால் அடுத்த வாய்தா வரை காத்திருக்கக் கூடாது. திரும்பிய நாளிலிருந்து 7 நாளுக்குள் புதிய சம்மன் கேட்காவிட்டால், போதிய காரணம் காட்டினாலொழிய, கட்டளை 9 விதி 5 அந்தப் பிரதிவாதியைப் பொறுத்தவரை தாவாவைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் 'பேப்பர் பப்ளிகேஷன் போட்டுவிடலாம்' என்று அவசரப்படுகிறார்கள். பிரதிவாதி ஒளிந்து திரிகிறார், அல்லது வழக்கமான வழியில் சார்வு செய்ய முடியாது என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் மட்டுமே கட்டளை 5 விதி 20 கைகொடுக்கும். விளம்பரமும் அவர் கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த பகுதியில் புழங்கும் நாளிதழில் வர வேண்டும். இதைவிட முக்கியமானது காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது உறுப்பு. எக்ஸ்பார்ட்டி டிகிரியை (பிரதிவாதி வராத நிலையில் கொடுத்த டிகிரியை) ரத்து செய்யக் கேட்க 30 நாள். முறையாகச் சம்மன் சார்வாகாதவருக்கு அந்த 30 நாள், டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து ஓடும். விதி 20-இன்படி செய்த மாற்றுச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது என்று அதே உறுப்பின் விளக்கம் சொல்கிறது. அதாவது, பேப்பரில் போட்டு வாங்கிய டிகிரியை வைத்துப் பல வருடம் கழித்து நிறைவேற்று மனு போடும்போது, "இப்போதுதான் தெரியும்" என்று பிரதிவாதி வந்து நிற்க வழி இருக்கிறது. ஆகவே மாற்றுச் சார்வு கேட்கும் விண்ணப்பத்தின் உறுதிமொழிப் பத்திரத்தில் எங்கெங்கே தேடினீர்கள், யாரை விசாரித்தீர்கள், எந்தத் தேதியில் என்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். திரும்பிய கவர்களையும் இணையுங்கள்.

பிரதிவாதி கம்பெனி என்றால் செயலாளர், இயக்குநர் அல்லது முதன்மை அலுவலருக்கு, இல்லையெனில் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்; கிளை வாசலில் இருக்கும் காவலாளி கையெழுத்தை நம்பி இருக்க வேண்டாம். தாவா போடும் முன்பே இறந்துபோனவர் மீது போட்ட வழக்கு அவரைப் பொறுத்தவரை செல்லாது. வாரிசுகளைப் பின்னர் சேர்த்தால், அவர்களுக்கு எதிராகத் தாவா பொதுவாகச் சேர்த்த நாளில்தான் தாக்கலானதாகக் கணக்கு. காலவரையறை முடியும் தறுவாயில் போட்ட தாவாவில் இது உயிர்போகிற விஷயம்.

பிரதிவாதிகளுக்கும் ஒன்று. சம்மனை வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது. பதிலுரைக்கு உள்ள 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் அதிகபட்சம் 90 நாள், சார்வு ஆன தேதியிலிருந்து எண்ணப்படும். கையெழுத்துப் போடும்போது தேதியையும் எழுதுங்கள், பிராது நகல் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாய்தா அன்று வக்காலத்து போட்டு நகல் கேட்டு, அதை நீதிமன்றக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.