சீற்றைக் கழற்ற முன்னம் தராசில் ஏற்றுங்கோ

போன வைகாசியில் ஒரு தம்பி ஹொண்டா சிவிக் காரோடு என் கராஜுக்கு வந்தார். தொண்ணூறுகளில் வந்த ஈகே3 மொடல். தகப்பன் வாங்கி, மழை பெய்தால் வெளியே எடுக்காமல் வைத்துப் பார்த்த கார். தம்பி போனில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்.

"அண்ணை, பின்சீற், ஏசி, காப்பெற், முன்பம்பருக்குப் பின்னால இருக்கிற இரும்பு, கதவுக்குள்ள இருக்கிற குழாய் எல்லாம் கழட்டவேணும். கட்டுகுருந்தையில ட்ராக் டே ஒண்டு இருக்கு. ஒரு நூறு கிலோ குறைஞ்சாக் காணும்." கட்டுகுருந்தை களுத்துறைப் பக்கம் இருக்கிற கார் ஓட்டப் பாதை. ட்ராக் டே என்றால் சொந்தக் காரைக் கொண்டுபோய் அங்கே ஓடுகிற நாள்.

"இப்ப கார் எத்தினை கிலோ?"

"அது தெரியாது அண்ணை."

நிறை குறைக்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேரின் பதில் இதுதான். ஸ்பானர் எடுக்கிற அவசரத்தில் தராசு ஞாபகம் வருவதில்லை. பாதுகாப்புக்கு வைத்த இரும்பில் கைவைக்கிறார்கள், தாங்களே ஏற்றிய பாரத்தை மறந்துபோகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் காரை நிறுப்பது பெரிய காரியமில்லை. கல், மணல் லொறிகள் நிறுக்கிற வே பிரிட்ஜில் ஏற்றினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது லொறிக்கென்று செய்த தராசு. நாங்கள் போகிற இடத்தில் இலக்கம் 20 கிலோ 20 கிலோவாகத்தான் துள்ளும். ஏழு கிலோச் சாமானைக் கழற்றிவிட்டு அதில் ஏற்றினால் ஒரு மாற்றமும் காட்டாமல் விடக்கூடும். ஆகவே கார் முழுவதையும் அங்கே நிறுப்போம். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கராஜ் வளையில் தொங்குகிற தூக்குத் தராசில் நிறுப்போம். மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற அதே வகைத் தராசு. சுவரில் வெண்கட்டியால் எழுதிக்கொண்டு போவோம்.

தம்பியின் கார் அரை ராங்க் பெற்றோலோடு, ஆள் இல்லாமல் 1,140 காட்டியது. திரும்பி வந்து முதலில் டிக்கியைத் திறந்தோம். பெரிய சவுண்ட் பெட்டி, அம்ப், அதற்கு மொத்த வயர். கழற்றித் தராசில் தூக்கினால் 27 கிலோ. அதற்குப் பிறகு சில்லு. கார் வரும்போது 14 அங்குல இரும்புச் சில்லில் வந்தது. தம்பி 17 அங்குல அலோய் போட்டிருந்தார். "அலோய் எண்டா பாரம் குறைவுதானே அண்ணை" என்றார். மாட்டுத் தீவனப் பை போல ஒன்றைத் தூக்கித் தராசில் கொளுவினேன். ரயரோடு 19.5 கிலோ. அவர் வீட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய இரும்புச் சில்லை அடுத்த நாள் கொண்டுவந்து நிறுத்தோம்: ரயரோடு 15 கிலோ. ஒரு சில்லுக்கு நாலரை, நாலுக்கும் 18 கிலோ. வார்ப்பு அலோய், அதுவும் அளவு கூடியது, இரும்பை விடப் பாரமாக இருப்பது புதினமில்லை. நல்ல இலகு அலோய் வேறு சாதி, வேறு விலை.

பெட்டியும் சில்லும் சேர்த்து 45 கிலோ. தம்பி கழற்றச் சொன்ன பின்சீற்றோ மொத்தமாகவே 17 கிலோ. இரண்டரைப் பின்சீற் அளவு பாரத்தைத் தானே விலை கொடுத்து வாங்கி ஏற்றியிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சுவரில் இருந்த இலக்கங்களைப் போனில் படம் எடுத்தார்.

சில்லின் பாரம் மற்றப் பாரத்தைப் போல அல்ல என்பதையும் சொல்ல வேணும். ஸ்பிறிங்குக்கு மேலே இருக்கிற பாரத்தை ஸ்பிறிங் தாங்கும். சில்லின் பாரம் ஸ்பிறிங்குக்குக் கீழே. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது அதைப் பிடித்து நிலத்தோடு வைத்திருக்க ஷொக் படாதபாடு படும். போதாததற்குச் சில்லை முன்னுக்குத் தள்ளினால் மட்டும் போதாது, சுற்றவும் வைக்கவேணும், பிறகு சுற்றை நிறுத்தவும் வேணும். சில்லில் குறைகிற ஒரு கிலோ டிக்கியில் குறைகிற ஒரு கிலோவை விடப் பெறுமதி. ஆனபடியால் முதல் காசைச் சில்லில் செலவழிக்கலாம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,000 கிலோ நிற்கிற கார் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதனுள் இருக்கிற இயக்கசக்தி ஏறத்தாழ 386 கிலோயூல். பிறேக் பிடித்து நிறுத்தினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பிறேக் பாட்ஸிலும் சூடாக மாறும். 50 கிலோ குறைத்தால் அந்தச் சூடு நூற்றுக்கு ஐந்து வீதம் குறையும். ஆனால் இந்தச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. அதே ஐந்து வீதத்தை 100க்குப் பதிலாக 97.5இல் பிறேக் பிடித்தும் பெறலாம். பாரம் குறைப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் இருபது முப்பது சுற்று ஓடினால் அந்த ஐந்து வீதமும் சேரும். ஆனால் பழைய பிறேக் ஒயிலை வைத்துக்கொண்டு சீற்றைக் கழற்றுகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். புது டொட் 3 ஒயில் கொதிக்கத் தொடங்க ஆகக் குறைந்தது 205 பாகை வேணும். ஈரம் குடித்தபின் அது 140க்கு இறங்கும். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான், நாங்கள் இருப்பதோ மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில். மூன்று நாலு வருடம் மாற்றாத ஒயிலோடு கட்டுகுருந்தைக்குப் போனால், அது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ஓடுகிற பாதை, நேரோட்டம் நீளம். அதன் முடிவில் பெடலை மிதித்தால், ஒயில் கொதித்து ஆவியாகி, கால் பஞ்சுக்குள் போவதுபோல இருக்கும்.

பின்பாரம் குறைவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இது என் சொந்த அனுபவம். 2012இல் என்னிடம் ஒரு பழைய ரொயோட்டா ஸ்ரார்லெற் இருந்தது. வாலிப முறுக்கில் பின்சீற், ஸ்பெயார் வீல், டிக்கிக் காப்பெற் எல்லாம் கழற்றிவிட்டு ஓடித் திரிந்தேன். மழை விட்ட ஒரு பின்னேரம் பண்ணைப் பாலத்தில், மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை அமத்தினேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வரப் பார்த்தது. கார் குறுக்காக நின்றபோது ஒரு பக்கம் கடல். சைக்கிள்காரர் தூசணத்தில் இரண்டு சொல்லிப்போட்டுப் போனார். சொல்ல வேண்டியதுதான்.

நடந்தது என்னவென்றால், பின் பிறேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போகவேணும் என்பதைக் கொம்பனி ஒரு வால்வில் அளந்து வைத்திருக்கும். அந்த அளவு பின்சீற், ஸ்பெயார் வீல் எல்லாம் இருக்கிற காருக்கு. பின்னால் பாரம் இல்லாவிட்டால், பிறேக் பிடிக்கும்போது மிச்சப் பாரமும் முன்னுக்குப் பாய, பின்சில்லு நிலத்தை மெல்லத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அதே அழுத்தம் இப்போது அதற்குக் கூட. பின்சில்லு முதலில் பூட்டும். முன்சில்லு பூட்டினால் கார் நேரே சறுக்கும். பின்சில்லு பூட்டினால் சுழலும். சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இல்லாத பழைய கார்களில் இதை மறக்கக் கூடாது. பின்பக்கம் இருபது முப்பது கிலோவுக்கு மேல் இறக்கினால், முதல் சில சுற்றுகளைப் பாதி வேகத்தில் ஓடி, நேராக இருக்கிற இடத்தில் பிறேக்கைச் சோதித்துவிட்டுத்தான் மற்றது.

இனித் தம்பியின் பட்டியலில் நான் தொடவே மறுத்தவை. பம்பருக்குப் பின்னால் இருக்கிற இரும்பும் கதவுக்குள் இருக்கிற குழாயும். வெளியே தெரிகிற பம்பர் வெறும் பிளாஸ்ரிக். அடி விழும்போது அதைத் தாங்குவதும் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அந்த இரும்புதான். கதவில் வேறு கார் வந்து இடித்தால் உங்கள் விலா எலும்புக்கும் அதற்கும் நடுவில் இருப்பது அந்தக் குழாய் ஒன்றுதான். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் வராது. எயார்பாக் உள்ள ஸ்ரியறிங்கைக் கழற்றிச் சின்ன ஸ்ரியறிங் பூட்டுவதும், சட்டத்தில் துளை போடுவதும், ஹாண்ட்பிறேக் கழற்றுவதும் இதே வரிசைதான். துளை போட்ட சட்டம் எங்கே மடியும் என்று துளை போட்டவனுக்கும் தெரியாது.

நாலுமுனை ஹார்னெஸ் பெல்ற் பூட்டித் தரச் சொல்லியும் கேட்பார்கள். கார் புரண்டால் கூரையைத் தாங்குகிற இரும்புக் குழாய்க் கூடு, அதாவது றோல் கேஜ், இல்லாத காரில் நான் பூட்டுவதில்லை. கார் புரண்டு கூரை நசுங்கினால், சாதாரண பெல்ற் போட்டவருக்கு உடம்பு பக்கம் சாயக் கொஞ்சம் இடம் இருக்கும். ஹார்னெஸ் முதுகை நிமிர்த்திக் கட்டிவைக்கும். கூரை தலையில் இறங்கும். சரி, கேஜையும் பூட்டுவோம் என்றால் அது ஹெல்மெற் போட்டவருக்கான சாமான். நல்லூருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது இரும்புக் குழாய் அவவின் காதுக்கு நாலு விரல் தள்ளி நிற்கும். வீதியில் ஓடுகிற காருக்குக் கொம்பனிச் சீற்றும் கொம்பனி பெல்ற்றும் போதும்.

காப்பெற்றைத் தூக்கினோம். அடியில் சத்தம் குறைக்க ஒட்டிய தார்த் தகடு. வெளிநாட்டில் உலர்பனிக்கட்டி போட்டு உடைப்பார்கள். இங்கே மீன்வாடி ஐஸைக் கொண்டுவந்து பார்த்த ஆட்களும் உண்டு, நனைந்ததுதான் மிச்சம். ஹீற் கன்னும் தட்டகப்பையும் வைத்து ஓரத்தில் ஒரு கை அகலம் சுரண்டிப் பார்த்தேன். சாரதி சீற்றின் பின்பக்க போல்ற்றடியில் காரின் இரும்புத் தகடு செம்மண் நிறத்தில் உதிர்ந்தது. ஸ்பானர் முனையால் தட்டினால் 'டங்' என்று கேட்கவேணும். 'பொத்' என்று கேட்டது. கடற்காற்று ஊரில் பழைய காருக்கு இது வழமை. அன்றைக்கு நிறைகுறைப்பு நின்றது, ரிங்கரிங் வேலை தொடங்கியது. உக்கிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்ட் பண்ணியதில் கார் ஒரு கிலோ கூடியிருக்கும். அந்த ஒரு கிலோதான் இந்த முழு வேலையிலும் ஆகப் பெறுமதியானது என்பது என் எண்ணம்.

மிச்சத் தார்த் தகட்டை விட்டுவிடச் சொன்னேன், ஏசியையும்தான். கட்டுகுருந்தைக்கு இங்கிருந்து நானூறு கிலோமீற்றருக்கும் மேல். ஏ9 வீதியில் வெயிலுக்குள் வெந்து, எஞ்சின் சத்தத்தில் காது அடைத்துப்போய் இறங்குகிற ஆள் எந்த வளைவில் எந்தப் புத்தியோடு பிறேக் பிடிப்பார்? ஸ்பெயார் வீலையும் கொண்டு போய் அங்கே இறக்கி வைக்கலாம். வீட்டில் விட்டுவிட்டுப் போன ஒருவர் கனகராயன்குளம் தாண்டி இராப் பதினொரு மணிக்கு ரயர் வெடித்து எனக்குப் போன் எடுத்தார். நான் என்ன, பறந்தா போகிறது?

பெற்றோலும் பாரம்தான்; லீற்றர் முக்கால் கிலோ. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற பிறகு எங்கடை ஆட்களுக்கு ராங்க் நிறைந்திருந்தால்தான் நித்திரை வரும். ட்ராக்கில் 25 லீற்றர் குறைவாக வைத்திருந்தாலே 19 கிலோ போய்விடும், ஒரு போல்ற் கழற்றாமல். மிகவும் குறைக்கவும் கூடாது. வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் இழுவை விடும். கால் ராங்குக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கழற்றுவதெல்லாம் திரும்பப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய யப்பான் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. வெட்டிய கதவு மட்டைக்கும் உடைந்த கிளிப்புக்கும் இன்று கொழும்பு முழுக்க அலையவேணும். நான் போல்ற்றுகளை யோகட் கோப்பைகளில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வைப்பேன். பின்சீற் கழற்றினால் டிக்கிப் பக்கம் திறந்து கிடக்கும் ஓட்டைகளை அலுமினியத் தகட்டால் மூடுவேன். புகையும் நெருப்பும் உள்ளே வரக்கூடாது. வீதி வாகனத்தில் கட்டமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேணும். காப்புறுதிப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியையும் ஒருக்கால் வாசியுங்கோ. போட்டியும் வேகச் சோதனையும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.

குறைத்த பாரத்தைப் பொன்னாலைப் பாலத்திலோ சங்குப்பிட்டிப் பக்கமோ இரவில் சோதிக்கிற ஆட்களிடம் எனக்குப் பேச்சில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தில் கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்தார்கள். அது ஒழுங்குபடுத்தி, ஆட்களை நிறுத்தி நடத்திய ஓட்டம். பாலத்தில் யார் நிற்பது? தூண்டில் போடுகிற கிழவர்தான் நிற்பார்.

முடிவில் தம்பியின் கார்: சவுண்ட் பெட்டி 27, சில்லு 18, பின்சீற் 17, ஸ்பெயார் வீலும் ஜக்கும் 19, டிக்கியில் கிடந்த கண்டது கடியது 6. சுவரில் 87 கிலோ. வே பிரிட்ஜில் 1,060, அதாவது 80 குறைவு. இரண்டும் சரி, தராசு 20இல் துள்ளுவதன் வித்தியாசம். புது டொட் 4, புது பாட்ஸ், பழைய 14 அங்குலச் சில்லில் நல்ல ரயர். ஸ்பெயார் வீலும் ஜக்கும் திரும்ப டிக்கிக்குள் ஏறின. போய் ஓடிவிட்டு வந்தார்.

வந்த அடுத்த வியாழக்கிழமை காலை ஒரு பெண்குரல் போனில்.

"தம்பி, நான் சிவிக்காரன்ர அம்மா. நாளைக்குச் சந்நிதிக்குப் போகவேணும், நாலு பேர். பின்சீற் உங்களிட்டையோ கிடக்கு?"

கொட்டிலில் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தேன். யோகட் கோப்பையை எடுத்தேன். போல்ற்றுகள் எல்லாம் இருந்தன.