டீசலை விட்ட வைக்கம் படகு

வைக்கம் என்றதும் நமக்குப் பெரியாரும் 1924-ஆம் ஆண்டுப் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் படகுத்துறையில் 2017 ஜனவரியில் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பநாட்டுக் காயலைக் கடந்து மறுகரையில் உள்ள தவணக்கடவுக்குப் போகும் 'ஆதித்யா' என்ற பயணிகள் படகு அப்போதுதான் ஓட ஆரம்பித்தது. 75 பேர் ஏறலாம். டீசல் எஞ்சின் கிடையாது. கூரை முழுக்கச் சூரிய மின்தகடுகள், உள்ளே லித்தியம் பேட்டரி, பின்னால் இரண்டு மின்மோட்டார்கள். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டிய இந்தப் படகுதான் இந்தியாவின் முதல் சூரிய சக்திப் பயணிகள் படகு.

படகின் நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். கூரைத் தகடுகள் நல்ல வெயிலில் 20 கிலோவாட் தரும். மோட்டார் ஒவ்வொன்றும் 20 கிலோவாட். பேட்டரியில் சேமிக்க முடிவது வெறும் 50 யூனிட். இன்று சாலையில் ஓடும் ஒரு மின்சாரக் காரின் பேட்டரியும் ஏறத்தாழ இந்த அளவுதான். அதை வைத்துக்கொண்டு 75 பேரை நாள் முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்கும் எப்படி ஏற்றிப் போக முடிகிறது?

பதிலில் பெரும்பகுதி தண்ணீரில் இருக்கிறது. படகு வேகமாகப் போகப் போக நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அந்த எதிர்ப்பை மீறித் தள்ளத் தேவைப்படும் சக்தியோ வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆதித்யாவின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். வழக்கமான ஓட்டத்தில் அது 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. உச்ச வேகத்தில் இரண்டு மோட்டாரும் சேர்ந்து 40 கிலோவாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 15 கிலோவாட் போதும். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் சக்தியில் பாதிக்கு மேல் மிச்சம். தடத்தின் நீளம் இரண்டரை கிலோமீட்டர்தான் என்பதால், இந்த மிச்சத்துக்காகப் பயணிகள் கூடுதலாகச் செலவிடுவது ஒரு கடவைக்கு, அதாவது ஒருமுறை காயலைக் கடப்பதற்கு, நாலைந்து நிமிடம்.

அடுத்தது படகின் உடல். அகலமான ஒற்றை உடலோடு போகும் படகு தண்ணீரை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளி அலை எழுப்பிக்கொண்டே போகும். அந்த அலையை எழுப்பவும் எரிபொருள்தான் செலவாகிறது. ஆதித்யாவுக்கு ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றின் மேல் ஒரு தளம். ஒல்லியான உடல் நீரைக் கிழித்துப் போகும்போது அலை குறைவாக எழும். இரண்டு உடல்களுக்கும் இடையே அகலம் கிடைப்பதால் படகு ஆடாமல் நிற்கும், கூரையும் பெரிதாகக் கிடைக்கும். கூரை பெரிதானால் தகடுகள் கூடும். ஒரே வடிவம் மூன்று பலன்களைத் தருவது பொறியியலில் எப்போதும் வாய்ப்பதில்லை. இந்தப் படகில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

இப்போது ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 22 கடவைகள் என்றால் 55 கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வீதம் ஐந்தரை மணி நேரம் மோட்டார் ஓடும். 15 கிலோவாட்டால் பெருக்கினால் 80 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பது சூரியத் தகடு பொருத்துகிறவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படியானால் 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட். செலவும் வரவும் கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. பேட்டரியில் 50 யூனிட்தான் கொள்ளும் என்பது குறையாகத் தெரியாததற்கும் இதுவே காரணம். படகு ஓடும்போதே மேலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. துறையில் ஆட்கள் ஏறி இறங்கும்போது மோட்டார் நின்றுவிடும், தகடுகள் நிற்பதில்லை. துண்டு விழுவதை இரவில் கரையில் சாதாரண மின் இணைப்பில் ஏற்றிக்கொள்ளலாம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரை மின்சாரத்தின் பங்கு கூடும்.

டீசல் பக்கத்துக் கணக்கும் முக்கியம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக மாற்றும், மிச்சம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். மின்மோட்டாரோ வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சுழற்சியாகத் திருப்பித் தருகிறது. இந்த வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், ஆதித்யாவின் 80 யூனிட்டுக்கு ஈடாக ஒரு டீசல் படகுக்கு 25 லிட்டர் போதும். ஆனால் இதே தடத்தில் டீசல் படகு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பது நீர்ப் போக்குவரத்துத் துறையின் கணக்கு. கனமான உடல், தேவைக்கு மிஞ்சிய எஞ்சின், துறையில் நிற்கும்போதும் அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நூறு லிட்டர்.

பழைய படகிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேட்டரியைத் திணித்திருந்தால் இருநூறு முந்நூறு யூனிட் தேவைப்பட்டிருக்கும். பேட்டரியின் எடையும் விலையும் எகிறியிருக்கும், இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடியிருப்பார்கள். தடத்தை அளந்து, வேகத்தை முடிவு செய்து, உடலை மாற்றி, தேவையைக் குறைத்த பிறகு பேட்டரியைத் தேர்ந்தெடுத்ததால்தான் இது நடந்தது. டீசலைக் கைவிட நினைக்கிற எந்த ஊரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, பேருந்தின் கூரையிலும் தகடு போட்டுவிடலாமே என்று கேட்கலாம். 12 மீட்டர் பேருந்தின் கூரை சுமார் 30 சதுர மீட்டர். அதில் ஐந்தாறு கிலோவாட் பொருத்தலாம், நாளுக்கு 20 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். நகரப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தேவை. 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்தக் கூரை எந்த மூலைக்கு? ஆகவே பேருந்து மின்கட்டமைப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. சீனாவின் ஷென்சென் நகரம் அதைச் செய்து காட்டியது. 2017 முடிவதற்குள் அங்கே 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் அத்தனையும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. ஒரு முறை ஏற்றினால் சுமார் 250 கிலோமீட்டர் ஓடும் வண்டிகள், பெரும்பாலும் இரவில் பணிமனையில் சார்ஜ். பேருந்து விலையில் பாதிக்கு மேல் அரசு மானியமாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பணம் இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது.

இரவு வரை காத்திருக்க முடியாத தடங்களும் உண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகள் துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. வழக்கமான லித்தியம் பேட்டரியில் எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. அவசரமாக மின்சாரத்தைச் செலுத்தினால் லித்தியம் அதற்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும், பேட்டரி கெடும். கொச்சிப் படகுகளில் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட். எடைக்கு எடை அதில் ஆற்றல் குறைவாகவே தங்கும், ஆனால் வேகமாக ஏற்றினாலும் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். அடிக்கடி கரை தொடும் படகுக்கு அது பொருத்தம்தான். அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் ஒன்றும் உள்ளே இருக்கிறது.

நார்வேயில் 2015-இல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்' என்ற கார் படகுக்கு வேறு விதமான சிக்கல். கரையிலுள்ள சிறிய கிராமங்களின் மின்கம்பிகள் அத்தனை மின்சாரத்தை ஒரே நேரத்தில் தாங்காது. அதனால் இரு கரையிலும் பெரிய பேட்டரிகளை வைத்தார்கள். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை மோட்டார் மெல்ல நிரப்பி வைப்பதுபோல், படகு அக்கரையில் இருக்கும் நேரத்தில் கரை பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். படகு வந்ததும் சில நிமிடங்களில் கொட்டிக் கொடுக்கும்.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறதே என்பது நியாயமான கேள்வி. மின்வண்டியின் பயன் அதனால் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. காற்றாலையும் சூரியப் பூங்காவும் கூடக் கூட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்பேருந்தால் வரும் மாசு தானாகக் குறையும். டீசல் பேருந்துக்கு அந்த வாய்ப்பே இல்லை.

தனியார் காருக்கு மானியம் தருவதைவிட, படகும் பேருந்தும் முதலில் மாற வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார் வாங்குகிறவர் நாளை எங்கே போவார் என்று தெரியாது. அதனால் என்றோ ஒருநாள் போகும் நெடும்பயணத்துக்காக எப்போதும் பெரிய பேட்டரியைச் சுமக்கிறார். நகரப் பேருந்தின் தடம் அடுத்த வருடமும் அதுவேதான். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. மற்ற ஊர்களுக்கும் இது வரப்போகிறது. அப்போது கவுன்சிலர்களிடம் கேட்க நாலு கேள்விகள் கையில் இருக்கட்டும்: தடம் எத்தனை கிலோமீட்டர், வண்டி கடைசி நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், பக்கத்து டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தாங்கும், பணிமனையில் இரவில் எத்தனை வண்டிகள் ஒன்றாகச் சார்ஜ் ஏற்றும்.