தீம்பொருள் அல்ல, தீநிரல்

பினாங்கில் தமிழில் நடக்கும் கணினிப் பயிலரங்குகளில், 'மால்வேர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்திருக்கும் 'தீம்பொருள்' என்ற சொல் காதில் விழாமல் திரும்ப முடிவதில்லை. வீட்டுக் கணினியைத் தீம்பொருளிலிருந்து காப்பது எப்படி என்று பதாகை கட்டுகிறார்கள், கையேடும் அச்சிடுகிறார்கள். செய்வது நல்ல வேலைதான், ஆனால் சொல் தவறு. இப்படியே விட்டால் நாளை பள்ளிப் பிள்ளைகளும் இதையே மனப்பாடம் செய்வார்கள்.

முதலில் மூலச்சொல். 'மால்வேர்' என்பது 'கெட்ட நோக்கமுள்ள மென்பொருள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1990இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் யிஸ்ரேல் ராடாய் உருவாக்கியது என்பார்கள். 'வைரஸ்' அதற்கு மூத்தது. லத்தீனில் நஞ்சு என்று பொருள். கணினி உலகில் அந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் கணினி ஆய்வாளர் ஃபிரெட் கோஹன், 1980களில். வைரஸ் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவும், புழு தானாகவே பரவும், ட்ரோஜன் நல்ல மென்பொருளாக வேடமிட்டு வரும். மூன்றையும் அடக்கும் பொதுப்பெயர்தான் மால்வேர்.

நம் ஊரில் எல்லாவற்றையும் 'வைரஸ்' என்றோ 'கிருமி' என்றோ சொல்லிவிடுகிறோம். கிருமி என்றதும், அது தானாக வந்து தொற்றும், மருந்து ஒன்று போட்டால் போதும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் வீட்டுக் கணினிக்குள் வருவதில் பெரும்பகுதி நாமே கதவைத் திறந்து விடுவது. திருட்டு மென்பொருளை இறக்குகிறோம், மின்னஞ்சலில் வந்த 'ரசீதை'த் திறக்கிறோம். கைப்பேசியில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் செயலிக் கோப்பு வந்து, அதை நிறுவிப் பணத்தை இழந்தவர்கள் மலேசியாவில் உண்டு. ஆகவே கிருமி போதாது, பொதுச்சொல் ஒன்று வேண்டும். இதில் தீம்பொருள்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அந்த 'ம்' மீது. தமிழில் 'தீம்' என்றால் இனிமை. தீம்பால், தீங்கனி, தீஞ்சுவை, தீந்தமிழ் எல்லாம் இனிப்பவை. வரும் எழுத்துக்கு ஏற்ப அந்த மெல்லெழுத்து மாறும், பொருள் மாறாது. கெடுதலைச் சொல்லும் 'தீ' அப்படி மெல்லெழுத்து பெறுவதில்லை. தீவினை, தீக்குணம், தீச்செயல் என்றே வரும். தீச்சொல் என்றால் கெட்ட சொல், தீஞ்சொல் என்றால் இனிய சொல். ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிறது. அப்படியானால் தீம்பொருள் என்ன? இனிக்கும் பண்டம். தீபாவளிக்குத் தட்டில் வைக்க வேண்டியதன் பெயரைக் கணினியைக் கெடுப்பதற்கு வைத்திருக்கிறோம்!

'தீமை'யும் 'பொருளும்' சேர்ந்தது என்று பதில் சொல்வார்கள். தீமையில் 'மை' கெட்டால் மிஞ்சுவது 'தீ'. பொருளோடு சேர்ந்தால் தீப்பொருள். 'ம்' எங்கிருந்து வந்தது? கேடு என்ற பொருளில் 'தீம்பு' என்றொரு சொல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வருவது தீம்புப்பொருள். சரி, வழக்கத்துக்கு வந்துவிட்டதே, விடக்கூடாதா? ஒரு சொல்லை ஊருக்கே சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் தேர்வு தீநிரல். நிரல் என்றால் வரிசை. கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. திருக்குறளில் 'தீ நட்பு' என்று ஓர் அதிகாரமே உண்டு, தீநிரலும் அதே அமைப்பு. நெருப்பு என்று குழம்ப மாட்டார்களா? தீவினை என்றால் யாரும் நெருப்பை நினைப்பதில்லை. மலாயில் 'பெரிசியான் ஹசாட்' என்கிறார்கள். பெரிசியான் என்றால் மென்பொருள், ஹசாட் என்றால் பொறாமை, கெட்ட எண்ணம். கணினி தெரியாத மக்சிக்கும் (மலாய் அத்தைக்கும்) அது விளங்கும். நம் சொல்லும் அப்படி விளங்க வேண்டாமா?

வகைகளையும் இதிலிருந்தே கட்டலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது பணயத் தீநிரல், ஒளிந்து வேவு பார்ப்பது உளவுத் தீநிரல். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாகிரை ஒரே நேரத்தில் புழுவும் பணயத் தீநிரலுமாக இருந்தது. அது புகுந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, புதுப்பிக்காத கணினிகள்தான் மாட்டின. 'ஆன்டிவைரஸ்' இன்று வைரஸை மட்டும் தடுப்பதில்லை, ஆகவே அதற்கு 'கிருமிநாசினி' வேண்டாம், 'தீநிரல் தடுப்பி' போதும். விண்டோஸ் 10, 11இல் அது கூடவே வருகிறது. அதை அணைக்காமல், விண்டோஸைப் புதுப்பித்து, முக்கியக் கோப்புகளின் நகலைக் கழற்றி வைக்கும் வட்டில் வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது என்பதையும் பாருங்கள்.

அதே கையேடுகளில், வேண்டாத இணைப்புகள் கணினிக்குள் வராமல் தடுக்கும் 'ஃபயர்வால்' என்பதற்குத் 'தீச்சுவர்' என்று போடுகிறார்கள். எரிகிற சுவரா அது? பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் நடுவே இருக்கும் செங்கல் சுவரைப் பாருங்கள். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பது அது. ஆங்கிலச் சொல் கட்டடத்திலிருந்துதான் கணினிக்கு வந்தது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டுகிறார்களே தவிர, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. 'தீயரண்' என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த அச்சிலாவது இரண்டையும் திருத்துங்கள்.